மாப்பிள்ளையின் தாய்வழிச் சீலை

என் தங்கச்சியைக் கட்டித் தரும்படி ஒரு வெள்ளைக்காரன் கேட்டபோது நான் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவன் பக்கத்து இருக்கையில் இருந்தான். அவன் கேட்டு முடிப்பதற்குள் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் வயலுக்குள் இறங்கிவிட்டன. கதிர் தள்ளக் காத்துக் குடலைப் பருவத்தில் நின்ற வேளாண்மைப் பயிர் ஒரு பாய் அளவுக்குப் படுத்துவிட்டது. வயல் வட்டையில் நின்ற ஒருவர், "ஓய், றோட்டு அங்கால இரிக்கி!" என்று கத்தினார்.

"வேறு நேரத்தில் கேட்டிருக்க வேண்டும்" என்றான் அவன்.

"இல்லையில்லை, நல்ல நேரம்தான். கேட்டதற்கு மிகவும் நன்றி" என்றேன் நான்.

பயம் வந்தால் நான் மரியாதைக்காரனாகிவிடுவேன். மற்ற நேரத்தில் ஊரைச் சிரிக்கவைக்கும் பகிடிக்காரன் என்று எனக்குப் பெயர். சுனாமியாகக் கடல் வந்த அன்று நான் தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவன். இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் நிலம் என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு நாடாத்துண்டு. கடலுக்குப் பயந்து ஓடுகிறவன் வாவிக்கரையில்தான் போய் நிற்க வேண்டும். நான் அங்கே போய் நின்று, திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேனாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

அந்தத் தண்ணீர் எங்கள் சின்னம்மாவையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. தங்கச்சிக்கென்று கடற்கரைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த வீட்டையும் கொண்டுபோனது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. ஆண் கலியாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். மாப்பிள்ளை கேட்டுப் போவதும் பெண் வீட்டார்தான். வீடில்லாமல் எந்த வாயால் போய்க் கேட்பது? தங்கச்சிக்கு முப்பது தாண்டியிருந்தது. அதுவரை யுத்தத்தால் பிந்தியது, இனிக் கடலால் பிந்தும் என்று அம்மா தனக்குள் முடிவுகட்டிவிட்டார். அப்பா முன்னரே போய்விட்டார். நானோ கலியாணம் முடித்து இரண்டு வீடு தள்ளிப் பெண்சாதி வீட்டில் இருந்தவன். ஆனாலும் அம்மா வீட்டுக்காகப் பயப்படுவதற்கு ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

வெள்ளைக்காரன் வந்தது கிணறுகளுக்காக. கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைத்து, சேற்றை அள்ளி, மருந்து போட்டு, மறுபடியும் குடிக்கிற தண்ணீராக்குவது அவன் வேலை. ஊரில் கிணற்று வெள்ளையன் என்றார்கள். நான் அவனுக்கு மொழிபெயர்ப்பாளனும் சாரதியும். அதற்கு முன் நான் ஆங்கில டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தவன். என் டியூஷன் கொட்டிலைக் கடல் கொண்டுபோனதில் பல பிள்ளைகளின் ஆங்கிலம் தப்பியது. அவன் ஸ்கொட்லாந்தின் மேற்குப் பக்கம் ஏதோ ஒரு தீவுக்காரன். அவன் பேசுவதில் மூன்றில் ஒன்று எனக்கு விளங்கும், மிச்சத்தை நானே இயற்றுவேன். ஊர்ச்சனங்கள் இன்றும் அவனை நல்ல பேச்சாளன் என்று சொல்வதற்கு நான்தான் காரணம்.

தங்கச்சி கிணறுகளுக்குக் குளோரின் போடும் பெண்களில் ஒருத்தி. கிணற்றுக்கட்டின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன், நடுவே கயிறும் வாளியும். நான் வாகனத்தில் படுத்திருப்பேன். அவர்கள் பேசிக்கொள்வதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளன் தேவைப்படாத இடத்தில்தான் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா கறிக்குக் காய்ந்த கொச்சிக்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆரு, கிணத்து வெள்ளையனா?"

"ஓம்."

"நமக்கு வீடில்ல எண்டு தெரியுமாமா?"

"தெரியுமாம். வேணாமாம்."

"பைத்தியமா மனே அவனுக்கு?" அம்மா கொச்சிக்காயைக் கீழே வைத்தார். "இவள் என்ன சொல்றாள்?"

அடுப்படிக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் வந்தது: "இவள் ஓமெண்டு சொல்லித்தாள். மிச்சத்தக் கேளுங்க."

அம்மா மிச்சத்தைக் கேட்டார். சமயம் என்ன, தொழில் என்ன, ஏற்கெனவே பெண்சாதி இருக்கிறாளா என்றெல்லாம் ஒரு வெளியூர்த் தாய் கேட்டிருப்பாள். எங்கள் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவன் என்ன குடி?"

குடி என்றால் எங்களிடம் தாய்வழி. தகப்பன் எந்தக் குடியென்றாலும் பிள்ளை தாயின் குடி. தாய்க்கு அவள் தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது, அது அண்ணன் தங்கச்சி முறை. கோயிலில் பூசை நாள் ஒவ்வொரு குடிக்கும் தனித்தனி. மாட்டுக்குச் சுடுகிற குறிகூடக் குடிக்குக் குடி வேறு. வெளியே மேய்கிற மாட்டின் தொடையைப் பார்த்தே அதன் வீட்டுக்காரி எந்த வயிற்றில் பிறந்தவள் என்று சொல்லிவிடலாம்.

மறுநாள் இதை நான் அவனுக்கு விளக்கினேன். அவன் முகம் விரிந்தது. "எங்களிடமும் உண்டு!" என்றான். அவர்களிடமும் பரம்பரைகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மாட்டுக்குச் சுடுவதற்குப் பதிலாக அவர்கள் சீலையில் நெய்கிறார்களாம். கட்டத்தையும் நிறத்தையும் பார்த்தால் ஆள் இன்ன பரம்பரை என்று தெரிந்துவிடுமாம். நான் மகிழ்ந்துபோனேன். "அப்படியென்றால் அம்மாவைப் பார்க்க வரும்போது அதையே உடுத்துக்கொண்டு வா. கேள்விக்குப் பதில் உன் இடுப்பிலேயே இருக்கட்டும்" என்று யோசனை சொன்னேன். என் யோசனைகளைக் கேட்டவர்கள் யாரும் நன்றாக இருந்ததில்லை.

அவன் வந்தான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே முடிகிற, பின்னால் மடிப்பு மடிப்பாக விழுகிற பாவாடை. எங்கள் வளவின் வேலிக்கு மேலால் அக்கம்பக்கத்துத் தலைகள் எல்லாம் முளைத்தன.

"என்ன மனே, சாரனை முழங்காலோட வெட்டிப்போட்டு வந்திரிக்கான்?" என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தார்.

அம்மா பாயில் இருந்தார். அவனைப் பாயில் இருத்தலாமா என்று யோசித்தபோதே எனக்கு வியர்த்தது. அந்தப் பாவாடைக்கு உள்ளே ஒன்றும் போடமாட்டார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டேன். போட்ட பிறகுதான் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது விளங்கியது. பாயில் இருந்த அம்மாவின் கண் இப்போது சரியாக அவன் முழங்கால் மட்டத்தில் இருந்தது. மறுபடி ஓடினேன். ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். அது எங்கள் ஊர் வழமை என்று நினைத்து அவன் இரண்டு கையாலும் பயபக்தியோடு பிடித்துக்கொண்டான். கடைசிவரை விடவில்லை.

அம்மா அந்தச் சீலையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். கடும் பச்சையும் கடும் நீலமும், இடையிடையே கறுப்பு. பச்சையின் நடுவால் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு, நீலத்தின் நடுவால் அதே போல ஒரு சிவப்புக் கோடு. தூரத்தில் பார்த்தால் எல்லாம் சேர்ந்து இருட்டாக இருக்கும், கிட்டப் போனால்தான் ஒவ்வொன்றாகப் பிரியும்.

"காத்தான்குடித் தறியில நெய்யிற சாரன் மாதிரித்தான் இரிக்கி" என்றார் அம்மா. பிறகு விரலால் தடவி, "இல்ல. இழை சாய்ஞ்சி போகுது" என்றார்.

அவன் உற்சாகமாகி விளக்கத் தொடங்கினான். நிறங்கள் ஒரு வரிசையில் போகும், ஒரு கோட்டில் முட்டும், முட்டினதும் அதே வரிசையில் பின்னுக்குத் திரும்பி வரும். பாவில் எந்த வரிசையோ ஊடையிலும் அதே வரிசைதான். பச்சையைப் பச்சை வெட்டினால் முழுப் பச்சை, பச்சையை நீலம் வெட்டினால் இரண்டும் இல்லாத மூன்றாவது நிறம். நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை இயற்றவில்லை. அம்மாவுக்குப் பிடித்துப்போனது. எனக்கும் மூச்சு வந்தது.

"சரி, இது தகப்பன்ட சீலை. தாய் என்ன குடி?"

கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அதுவும் இதே பெயர்தான். எங்கள் தீவில் பாதிப்பேருக்கு இதே பெயர்."

அம்மா சீலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நெடுக்கும் ஒண்டு, குறுக்கும் ஒண்டு. அப்பனும் ஒண்டு, ஆயும் ஒண்டு. அண்ணனும் தங்கச்சியும் முடிச்சிப் பெத்த புள்ளையா இவன்?"

அவன் என்னைப் பார்த்தான். "என்ன சொல்கிறார்?"

"உன் உடுப்பு மிகவும் வடிவாக இருக்கிறதாம்" என்றேன்.

கதவடியில் நின்ற தங்கச்சி ஆங்கிலத்தில், நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: "உன் பெற்றோர் அண்ணனும் தங்கையும் என்கிறார்."

தலையணையைப் பிடித்திருந்த அவன் கைகள் இறுகின. அவனுக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியை நான் எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். அதன்பிறகு அம்மாவின் தேத்தண்ணியையும் குடித்தேன்.

அதற்குப்பின் வீட்டில் கலியாணப் பேச்சில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. கடல் கொண்டுபோன சின்னம்மாவும் பிள்ளைகளும் எங்கள் குடியில் மிஞ்சியிருந்த கடைசிக் கிளைகளில் ஒன்று. இனி அந்த வயிற்றின் வழி நீள்வதென்றால் தங்கச்சியால் மட்டும்தான். என் பிள்ளைகள் என் பெண்சாதியின் குடி, அவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்படியிருக்க, முறைகெட்ட இடத்தில் எப்படிக் கொடுப்பது என்பது அம்மாவின் கவலை. தங்கச்சியின் கவலை வேறு. அவள் ஒருநாள் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, வழமைப்படி மாப்பிள்ளைட தாயிட்டப் போய்த்தானே கேக்கோணும்? கேட்டீங்களா?"

"எங்க கா போய்க் கேக்க? பிளேன்லயா?"

"டெலிபோன்ல."

களுவாஞ்சிக்குடிச் சந்தைப் பக்கம், காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கிற ஒரு கொமினிக்கேசன் கடை. ஒரு ஆள் நிற்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவும் நானும். அவன் இலக்கத்தைச் சுழற்றித் தந்துவிட்டு வெளியே போய் நின்றான். ரிசீவரை நான் பிடித்திருந்தேன், அம்மாவின் காது என் காதோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு வயதான குரல். முதலில் மழையைப் பற்றிச் சொன்னது.

"மழை இருக்கட்டும்" என்றார் அம்மா. "உங்கட தாய் ஆர் எண்டு கேள்."

கேட்டேன். ஒரு பெயர் வந்தது. அது அவன் பரம்பரைப் பெயரே அல்ல, வேறொன்று. "அவட தாய்?" இன்னொரு பெயர், இன்னொரு பரம்பரை. "அவட தாய்?" அங்கேயும் வேறு. பெண்களெல்லாம் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பரம்பரையாகத் திரிகிறார்கள், இதை எப்படி அம்மாவுக்குச் சொல்வது என்று நான் திணறினேன். அந்தப் பக்கத்துக் கிழவிக்கோ ஒரே சந்தோசம். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லையாம். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுக் பிறப்பு இறப்பெல்லாம் எழுதிவைத்த குடும்ப வேதப்புத்தகத்தை எடுத்துவந்தார். தாய்க்குத் தாய், அவளுக்குத் தாய் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் இன்னும் வடக்கே ஒரு தீவிலிருந்து படகில் வந்து இறங்கிய ஒரு பெண்ணில் நின்றார். அவளுக்கு முன்னால் யாரென்று தெரியாதாம்.

"அவள் என்ன குடி?"

பரம்பரைப் பெயரைச் சொன்னார்.

அம்மா நிமிர்ந்தார். கண்ணாடிப் பெட்டியில் தலை இடித்தது. "இதுதான் குடி! தாய் வேற, தகப்பன் வேற. முறை சரி. ஒரு பிழையும் இல்ல." பிறகு ரிசீவரைப் பறித்து, தமிழிலேயே உரக்கச் சொன்னார்: "சம்மந்தி, சுகமா இரிங்க!"

வெளியே வந்ததும் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு அவன் சாதாரணக் காற்சட்டைதான் போட்டிருந்தான். "இவனுக்குச் சொல்லு மனே. இவ்வளவு காலமும் இவன் உடுத்தது தகப்பன்ட சீலை. இவன்ட சீலை அது இல்ல. கலியாணத்துக்குச் சரியான சீலையோட வரச் சொல்லு."

வாகனத்தில் போகும்போது அவன் எனக்கு இரகசியமாக ஒன்றைச் சொன்னான். இந்தப் பரம்பரைக்கு இந்தக் கட்டம் என்பதெல்லாம் ஆதியிலிருந்து வந்ததல்ல, பெரும்பாலும் துணி வியாபாரிகள் பின்னாளில் பிரித்துக்கொடுத்தது என்று. இதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்பட்டால் பிற்காலத்தில் யாராவது சொல்லிக்கொள்ளட்டும்.

அதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. கடல் பக்கத்து எழுவான்கரையிலிருந்து வாவிக்கு மேலால் மேற்குப் பக்கத்துப் படுவான்கரைக்கு ஷெல் போனது. படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்குச் சனம் வந்தது. பழுகாமத்துப் பக்கத்துச் சனம் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையிலும் தோணியிலும் வாவியைத் தாண்டி வந்து பள்ளிக்கூடங்களில் தங்கியது. கிணற்று வேலைகள் நின்றன. வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா புதுப்பிக்கப்படவில்லை. அவனும் போனான். போகும்போது தங்கச்சியிடம் என்ன சொன்னானோ தெரியாது, அதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தேன்: சீலை வரும், பின்னால் நானும் வருவேன்.

சீலை வந்தது. அவனுடைய தாய் அனுப்பியிருந்தார். தபால் கந்தோரில் ஏற்கெனவே வெட்டித் திறந்து, பார்த்து, மறுபடி ஒட்டிய பொதி. வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் விரித்தோம்.

மஞ்சள். மாம்பழ மஞ்சளல்ல, வெயிலில் கண் கூசும் மஞ்சள். அதன் மேல் நெடுக்கும் குறுக்குமாகப் பட்டை பட்டையாகக் கறுப்பு. மஞ்சள் கட்டத்தின் நடுவால் மெல்லிய ஒரு சிவப்புக் கோடு.

இலங்கையில் அந்த வருடங்களில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மஞ்சளும் கறுப்பும் சிவப்பும் எந்தக் கொடியின், எந்த மிருகத்தின் நிறம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பக்கம் முழுக்க அப்போது ஆமியின் கையில் வந்துவிட்டிருந்தது. உலகத்தில் அத்தனை பரம்பரை இருக்க, அத்தனை பச்சையும் நீலமும் இருக்க, படகில் வந்து இறங்கிய அந்த மகராசிக்கு இந்த நிறம்தானா கிடைத்தது?

"நல்ல வெளிச்சமான சீலை" என்றார் அம்மா.

"அம்மா, இத ஆமி கண்டா..."

"இது கம்பளிச் சீலை. அலுமாரிக்குள்ள கெடக்கட்டும்" என்றாள் தங்கச்சி.

இதுதான் சரியான புத்தி. அலுமாரிக்குள், பழைய போர்வைகளுக்கு நடுவில் மடித்துக் கிடந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் ஒரு காலையில் ஒலிபெருக்கி கேட்டது. சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும், வீடுகள் சோதிக்கப்படும். நான் அலுமாரியைத் திறந்தேன். சீலையைக் கிணற்றில் போடலாமா? அவன் இறைத்த கிணறு, தெளிந்த தண்ணீர், அடியில் மஞ்சளாகத் தெரியும். அடுப்பில் போட்டால் கம்பளி நாறும். கோழிக்கூட்டுக்குள் வைத்தால் கோழி வெளியே வந்துவிடும். வீட்டைத்தானே சோதிக்கப்போகிறார்கள், வீட்டில் இருந்தால்தானே ஆபத்து என்று என் மூளை கணக்குப் போட்டது. சீலையை இடுப்பிலிருந்து நெஞ்சுவரை என் உடம்பில் சுற்றினேன், மேலே சேட்டைப் போட்டேன், புறப்பட்டுப் போனேன்.

பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குள் ஒளிக்க வேண்டிய ஒரே சாமானைக் கட்டிக்கொண்டு நான் ஆமியிடமே நடந்துபோய்க்கொண்டிருந்தேன். திரும்ப முடியாது. பின்னால் துவக்கு நின்றது.

மைதானத்தில் வெயில். ஸ்கொட்லாந்துக் குளிருக்கு நெய்த கம்பளி. வரிசை மெல்ல நகர்ந்தது. முன்னால் ஒரு வாகனம், அதற்குள் தலையில் சாக்கு மாட்டி, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி. அவன் முன்னால் ஒவ்வொருவராக நிற்க வேண்டும். சாக்கு ஆடினால் ஆள் ஒருபக்கம், ஆடாவிட்டால் மறுபக்கம். என் முறை வருவதற்குள் என் சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது. வெள்ளைச் சேட்டு. நனைந்த வெள்ளைக்குள்ளால் மஞ்சள் எப்படித் தெரியும் என்பதை நான் குனிந்து பார்த்தபோது எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டு அடி தள்ளி நின்றார். நானென்றாலும் தள்ளித்தான் நின்றிருப்பேன்.

ஒரு சிப்பாய் சேட்டைத் தூக்கினான். சத்தம் போட்டு ஒரு அதிகாரியைக் கூப்பிட்டான்.

அதிகாரி வந்து, கையால் சுற்றிக்காட்டினார், அவிழ் என்று. நான் நின்ற இடத்திலேயே பம்பரம் போலச் சுழன்று அவிழ்த்தேன். "யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பயத்தில் எனக்கு மரியாதை பெருகியது. "மதிப்புக்குரிய ஐயா, இது என் தங்கையை மணக்கவிருப்பவரின் தாயின் தாயின் தாயின் தாயுடைய பரம்பரைச் சீலை, ஐயா" என்றேன். அதிகாரி துணியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். தூக்கிப் பிடித்தார். நெடுக்கையும் குறுக்கையும் பார்த்தார்.

"இது பைப் வாசிக்கிறவர்கள் கட்டுகிற துணி அல்லவா? எங்கள் பட்டாளத்து பைப் பேண்ட்காரரும் இப்படித்தான் கட்டுவார்கள். நிறம்தான் வேறு" என்றார். "நீ பைப் வாசிப்பாயா?"

"இல்லை ஐயா."

"பிறகு ஏன் சுற்றிக்கொண்டு வந்தாய்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"குளிர், ஐயா."

அதிகாரி என்னைப் பார்த்தார். என் தாடையிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் சிப்பாய் சிரித்தான், பிறகு அதிகாரி. அப்போது வாகனத்துக்குள் சாக்கு ஆடியது.

எல்லோரும் சிரிப்பை நிறுத்தினார்கள். அதிகாரி வாகனத்துக்கு அருகில் போய் ஏதோ கேட்டார். சாக்கு இப்போது மெல்ல, இடமும் வலமுமாக அசைந்தது. இல்லை. அவனும் சிரித்திருக்கிறான், அவ்வளவுதான். என்னைச் சிரித்தே கொல்லப் பார்த்த அந்த மனிதன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"நீ போகலாம். இது இங்கே இருக்கட்டும். இந்த நாட்களில் இதை வீட்டில் வைத்திருப்பது உனக்கு நல்லதல்ல" என்றார் அதிகாரி. அவர் சொன்னதில் பிழையில்லை. அன்று என் வரிசையில் இரண்டு பேரை ஏற்றினார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இப்போது இதைப் பகிடியாகச் சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லும்போது என் பல் கிட்டிக்கொண்டிருந்தது. தங்கச்சி அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரு சீலைக்கு அண்ணனக் குடுத்திருப்பீங்க."

அம்மா வாசலில் போய் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்றப்பட்டவர்களில் ஒருவரின் தாய் அந்த ஒழுங்கையில்தான் இருந்தார். அவருடைய அழுகை எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அம்மா உள்ளே வந்தார்.

"அந்தப் பொடியன் ஆளா வந்தாப் போதும்" என்றார்.

ஆனால் அவன் வருவது அம்மாவின் கையில் இல்லை. அதன்பிறகும் யுத்தம் கிழக்கை விட்டு வடக்கே போய் நீண்டது. அவன் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்தான். தங்கச்சி வளவின் மூலையில், சிக்னல் கிடைக்கிற ஒரேயொரு இடத்தில், முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்று பேசுவாள். சில ஞாயிறுகளில் சிரிப்பாள். சில ஞாயிறுகளில் பேசி முடித்தபிறகும் அங்கேயே நிற்பாள். முறை தெரிந்த சொந்தங்கள் சிலர் வந்து, வெள்ளையன் வரமாட்டான், வேறு பார்ப்போம் என்றார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

யுத்தம் முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்திய வருடம் அவன் சுற்றுலா விசாவில் வருவதற்கு ஆயத்தமானான். புறப்படுவதற்கு முன் எனக்கு அழைத்தான். கலியாணத்துக்கு எதை உடுப்பது, தகப்பன் சீலையா, தாய்ச்சீலை இன்னொன்று வாங்கிவரவா என்று கேட்டான். எதைச் சொன்னாலும் யாருக்காவது கோபம் வரும். எதைச் சொன்னாலும் ஏதாவது ஒரு வரிசையில் நான் நிற்க வேண்டிவரும். மிகவும் மரியாதையாக, "இது சிந்திக்க வேண்டிய விடயம்" என்று தொடங்கினேன். தங்கச்சி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"வேட்டி" என்றாள். வைத்துவிட்டாள்.

கலியாணம், கடலிலிருந்து தள்ளி உதவிக்காரர்கள் கட்டித் தந்த புதிய குடியிருப்பில், தங்கச்சி பெயரில் கிடைத்த சிறிய வீட்டில் நடந்தது. கடையில் இருந்ததில் மிக நீளமான வேட்டியும் அவனுக்குக் கரண்டைக்காலுக்கு மேலேயே நின்றது. இடுப்பில் நிற்கமாட்டேன் என்ற வேட்டிக்கு என் பெல்ட்டைக் கொடுத்தேன். ஆகவே கலியாண வீடு முழுக்க நான் என் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் விருந்தினரைக் கவனித்தேன்.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்ன குடி என்று கேட்கும் வழக்கம் குறைந்துபோயிருந்தது. ஆண்பிள்ளை உயிரோடு கையில் இருக்கிறானா என்பதே பெரிய விசாரணையாகிவிட்டிருந்தது. ஆனாலும் கிரானிலிருந்து வந்திருந்த ஒரு தூரத்துச் சொந்தக்காரி, வெற்றிலையை மென்றுகொண்டே அம்மாவிடம் கேட்டார்:

"மாப்பிள்ளை என்ன குடி, கா?"

நான் காற்சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"வந்து சேந்த குடி" என்றார் அம்மா. "எழும்பு கா, சோறு ஆறுது."